படகோட்டிக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

1998 நவம்பர் 14, சனிக்கிழமை. டான்யூப் நதியிலிருந்து எழுந்த மூடுபனி ரூஸே நகரை மூடியிருந்தது. வெப்பநிலை மூன்று டிகிரி. காற்று அறவே இல்லை. நண்பகல் கடந்தும் சூரியன் தென்படவில்லை.

மனிதன் சோர்வுறும்போது அவனுடைய உறுப்புகளுள் அதனை முதலில் அறிவிப்பது முழங்காலே ஆகும். என் வலது முழங்கால் அன்று காலை முதலே அறிவித்துக்கொண்டிருந்தது. காணாமற்போன கார்களையும், காணாமற்போக விரும்பிய கணவர்களையும் எட்டு ஆண்டுகளாகத் தேடிக் களைத்த தனியார் துப்பறிவாளனாகிய தோரோதெய் வல்கோவ் என்னும் நான், நாடக அரங்கின் பின்வாசற் படிகளில் மூன்று முறை நின்று ஏறினேன்.

“படி இருக்கிற கட்டடத்துல குற்றமே நடக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடணும் தலைவரே,” என்றாள் பெனா.

பெனா என் உதவியாளர். அதற்கு முன் இருபது ஆண்டுகள் டிராலிபஸ்ஸில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவள். சீட்டு வாங்காதவன் எந்த ஜன்னலைப் பார்ப்பான் என்பதை அவளைவிட அறிந்தவர் எங்கள் மாவட்டத்தில் இல்லை.

பின்வாசற் கதவில் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. கறுப்புக் கரை, மேலே சிலுவை, நடுவே புகைப்படம், அதன் கீழே எழுத்துகள். எங்கள் ஊரில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலித் தாள்தான் அது.

ஆழ்ந்த துயரத்தோடு
அறிவிக்கிறோம்
எங்கள் அன்பிற்குரிய
அஸ்பாருக் தோன்செவ்
மேடையை விட்டும்
எங்களை விட்டும்
நீங்கினார்

வாசற்படியில் கார்னேஷன் மலர்கள் கிடந்தன. பெனா குனிந்து எண்ணினாள்.

“எட்டு. உயிரோட இருக்கிறவங்களுக்கு ஒத்தைப்படையில கொடுப்பாங்க. ஊர் முடிவே பண்ணிடுச்சு தலைவரே.”

ஊர் எதை முடிவு செய்திருந்தாலும், அஸ்பாருக் தோன்செவ் அவ்வேளையில் முதல் மாடி ஒப்பனை அறையில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். 

அவரை அறியாதவர் எங்கள் நாட்டில் இலர். ஐம்பதுகளில் பதினான்கு திரைப்படங்களில் அவர் கிளர்ச்சித் தலைவனாகக் குதிரையேறினார். நானும் என் தெருப் பையன்களும் கண்ணாடியின் முன் நின்று அவரைப் போல் ஒற்றைப் புருவம் உயர்த்தப் பழகினோம். புகழின் உச்சத்தில் அவர் தலைநகர் சோபியாவை விட்டு இந்த நதிக்கரைக்குத் திரும்பினார். ஏனென்று கேட்ட பத்திரிகைக்காரரிடம், “படத்தில் குதிரைக்குத்தான் நடிப்பு அதிகம்” என்று விடையளித்தார். அன்று முதல் இந்த மேடையே அவருடைய உலகமாயிற்று. ‘பனிக்கட்டியில் ஓர் ஓடம்’ என்னும் நாடகத்தில் கிழப் படகோட்டியாக அவர் அறுநூற்றுப் பதினொரு முறை தோன்றியிருந்தார். அன்று மாலை ஏழு மணிக்கு, அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளை முன்னிட்டு, அறுநூற்றுப் பன்னிரண்டாம் முறை. அதனை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காணவிருந்தது.

அரங்கின் இயக்குநர் ஹாரலாம்பி சிமோவ் எங்களைத் தம் அறையில் எதிர்கொண்டார். தொலைக்காட்சிக்காக வாங்கிய புதிய கழுத்துப்பட்டை அவருடைய முகத்தைச் சிவக்கச் செய்திருந்தது.

“காலைல வந்து பார்த்தா கதவுல ஒட்டியிருக்கு. ரெண்டு தாள் இருந்துச்சு, ஒண்ணை எடுத்துட்டுப் போய் அண்ணன்கிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தாரு. அப்புறம் சொல்றாரு, ‘இதை ஒட்டினது யாருன்னு தெரியாம நான் மேடை ஏற மாட்டேன், ஒரு துப்பறிவாளனைக் கூப்பிடு’ன்னு. எனக்கு ஏழு மணிக்குள்ள ஒரு பேர் வேணும். பேர் கிடைச்சா அண்ணன் ஏறுவாரு. பேர்க்காரன் ஜெயிலுக்குப் போவான்.”

“கிடைக்கலைன்னா?” என்று வினவினேன்.

“கிடைக்கலைன்னா நாடகமே இல்ல. நான் டான்யூப்ல குதிச்சுடுவேன்.”

“தண்ணி மூணு டிகிரி சார்,” என்றாள் பெனா. “டையைக் கழட்டிட்டுக் குதிங்க. புதுசு.”

மணி இரண்டே கால்.

தாளின் அடியில் ஈமச்சடங்கு அலுவலகம் ஒன்றின் முகவரி மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. அங்கு நடந்து செல்லும் வழியெங்கும், லிண்டன் மரங்களிலும் கம்பங்களிலும் அதே தாள் காணப்பட்டது. பெனா ஒவ்வொன்றாகக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டே வந்தாள். ரயில் நிலையத்தில் நான்கு. தொலைக்காட்சிக்காரர் தங்கியிருந்த விடுதியின் வாசலில் மூன்று. டிராலிபஸ் நிறுத்தங்களில் ஆறு. இருபத்து மூன்றாவது தாளைக் கிழித்தபோது அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. மரத்தில் சாய்ந்து நின்று, களைப்பாறும் பொருட்டு அத்தாளை உரக்க வாசித்தாள்.

“வேடிக்கை பாருங்க தலைவரே. நடந்தா மூச்சு வாங்குது, பேசினா மூச்சு வாங்குது. இதை வாசிச்சா மட்டும் வாங்கல.”

நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிற்பகல் மூன்று மணியளவில் பொருட்படுத்த வேண்டியவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவது என் நெடுநாளைய குறை.

ஈமச்சடங்கு அலுவலகத்தில் மெத்தோதி என்னும் எழுத்தர் கணிப்பொறிக்கு முன் பூசணிப் பனிட்சா என்னும் பலகாரம் தின்றுகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் அவருடைய கை நடுவழியில் நின்றது.

“உயிரோட இருக்காரா? ஐயோ, நான் மெழுகுவத்தி வேற ஏத்திட்டேனே!”

“இறப்புச் சான்றிதழ் கேட்க மாட்டீங்களா?”

“சவப்பெட்டிக்குக் கேட்போம். தாளுக்கு எதுக்கு? சாவைப் பத்திப் பொய் சொல்ல யாருக்குங்க மனசு வரும்?”

“யார் வந்தாங்க?”

“ஒரு அம்மா. வியாழக்கிழமை. தலையில சால்வை, கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தம்மாவுக்குக் குரலே இல்ல. காத்து மாதிரிதான் பேசினாங்க. அந்த நேரம் பார்த்து வெளியே ரோட்டைத் தோண்டிட்டிருக்கான், உள்ள மெஷின் ஓடுது. இருந்தும் ஒரு வார்த்தை விடாம என் காதுல விழுந்துச்சு. என் பொண்டாட்டி கத்திச் சொன்னாக்கூட எனக்கு அப்படி விழாது.”

“அது காதோட கோளாறு இல்லண்ணே, கல்யாணத்தோட கோளாறு,” என்றாள் பெனா.

மெத்தோதி ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த தாள்களைப் புரட்டி, பென்சிலால் எழுதப்பட்ட மூலப்படியை எடுத்தார். எழுத்துகள் அச்சுப் போல் சீராக இருந்தன. சொற்களுக்கிடையே ஆங்காங்கே சாய்ந்த சிறு கோடுகள் காணப்பட்டன.

“இந்தக் கோடெல்லாம் என்ன?”

“தெரியலைங்க. வரியை அங்க உடைக்கணும்னு நினைச்சேன். உடைச்சேன். அந்தம்மா அச்சடிச்சதைப் பார்த்துட்டு ஒரு மாதிரி ஆயிட்டாங்க. ‘இது... பழக்க தோஷம்’னாங்க. மாத்தவான்னு கேட்டேன். வேணாம்னுட்டுப் போயிட்டாங்க.”

மூலப்படியை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அரங்கிற்குத் திரும்பியபோது மணி நான்கு. இயக்குநரின் சந்தேகம் முழுவதும் கலோயன் பெத்ரின்ஸ்கி என்பவர் மீதே இருந்தது. தோன்செவ் நோயுற்றால் படகோட்டியாக நடிப்பதற்கென்று நியமிக்கப்பட்டவர் அவர். தோன்செவ் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாளும் நோயுறவில்லை. உணவறை மூலையில் அமர்ந்து பருப்புச் சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்த அவர் என் வினாவைக் கேட்டுக் கோபம் கொள்ளவில்லை. கோபம் கொள்வதற்கும் களைத்தவராகவே தோன்றினார்.

“நான் ஒட்டினேனாமா? இங்க பாருங்க. பத்தொன்பது வருஷம் காத்திருந்தவன் அஞ்சலியை ஏழு வரியில முடிப்பேனா? புத்தகமே போட்டிருப்பேன்.”

“ஒரு பொம்பளையை அனுப்பியிருக்கலாமே?” என்றாள் பெனா.

“என் பொண்டாட்டியே நான் சொல்றதைக் கேக்க மாட்டா. சரி, இதைச் சொல்லுங்க. அஞ்சலித் தாளை முதல்ல எங்க ஒட்டுவாங்க? செத்தவன் வீட்டு வாசல்ல. அப்புறந்தானே தெரு, ஊரெல்லாம்? எனக்கு அந்தாளைப் பிடிக்காது, ஒத்துக்கறேன். அதனாலதான் சொல்றேன், நான்னா அவர் கதவுலதான் முதல் தாளை ஒட்டியிருப்பேன். காலைல கதவைத் திறந்ததும் தன் மூஞ்சியைத் தானே பார்க்கணும்ல?”

நானும் பெனாவும் ஒருவரையொருவர் நோக்கினோம். அடுத்த பத்து நிமிடங்களில், முழங்கால் ஒத்துழைத்த அளவுக்கு விரைவாக, தோன்செவின் குடியிருப்பு வாசலில் நின்றோம். வாசற்கதவில் மே மாதம் இறந்த பக்கத்து வீட்டுக்காரியின் ஆறாம் மாத நினைவுத் தாள் இருந்தது. குழாய் பழுதுபார்ப்பவரின் விளம்பரமும் இருந்தது. தோன்செவின் படம் இல்லை. கதவில் மட்டுமன்று, அந்தத் தெருவில் எங்கும் இல்லை.

“ஊருக்கெல்லாம் சொல்லியிருக்காங்க,” என்றாள் பெனா மெதுவாக. “இவருக்கு மட்டும் சொல்லல.”

“எதிரி செய்யற வேலையா இது?”

“எதிரி வாசல்லயே ஆரம்பிப்பான். இது இவர் கண்ணுல படக் கூடாதுன்னு நினைச்ச ஆள் தலைவரே. பஸ்ல சில பேர் இருப்பாங்க, தன் சீட்டைக் கிழவிக்குக் கொடுத்துட்டுத் தான் சீட்டில்லாம மாட்டிக்குவாங்க. அந்த ஜாதி.”

மறுபடியும் அரங்கு. மணி ஐந்தேகால். மேடையில் தச்சர் ஒருவர் கடைசிப் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். மேடையின் விளிம்பை ஒட்டிக் கேமரா ஓடுவதற்கான தண்டவாளம் போடப்பட்டிருந்தது. அதன் நடுப்பகுதியைக் கண்டதும் நான் நின்றேன்.

எங்கள் அரங்குகளில் மேடை விளிம்பின் நடுவே சிறு கூண்டு ஒன்று இருக்கும். நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர், பார்வையாளர் கண்ணில் படாமல், தலையை மட்டும் மேடை மட்டத்தில் வைத்து அதனுள் அமர்ந்திருப்பார். அந்தக் கூண்டு பலகைகளால் முழுவதும் மூடப்பட்டிருந்தது.

“இதை எப்ப மூடினீங்க?” என்று தச்சரிடம் கேட்டேன்.

“மூடச் சொன்னது புதன்கிழமை. கேமரா போகணுமாம். உள்ள உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிற எவ்தோக்கியா அம்மாதான் ரொம்பச் சண்டை போட்டாங்க. இயக்குநர் கேக்கல. ‘அறுநூறு தடவை நடிச்சவருக்கு எதுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கணும்?’னுட்டாரு.”

புதன்கிழமை கூண்டை மூட உத்தரவாயிற்று. வியாழக்கிழமை ஒரு பெண், இரைச்சலிடையேயும் தெளிவாகக் கேட்கும் கிசுகிசுப்பில், ஓர் அஞ்சலிக்குச் சொல் கொடுத்தாள். நான் சட்டைப்பையிலிருந்து மூலப்படியை எடுத்துச் சாய்ந்த கோடுகளை மீண்டும் நோக்கினேன். பிறகு பெனாவிடம் நீட்டினேன். அவள் உதடசைத்து வாசித்தாள். ஒவ்வொரு கோட்டிலும் அவளுடைய தோள் தானாகத் தாழ்ந்தது.

“மூச்சு,” என்றாள். “மூச்சு விடற இடம்.”

மேடைக்கு அடியில், தூசியும் கயிறுகளும் நிறைந்த இடத்தில், மூடிய கூண்டிற்குள் எவ்தோக்கியா மினெவா அமர்ந்திருந்தாள். வயது அறுபத்தாறு. மடியில் நாடகப் பிரதி. சிறு விளக்கை ஏற்றியிருந்தாள். பலகைகளுக்கு மேலே காலடிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

“வாங்க,” என்றாள். அந்தக் கிசுகிசுப்பு என் காதருகில் பேசியது போல் ஒலித்தது. “நாளைக்குத்தான் வருவீங்கன்னு நினைச்சேன். நீங்க மெதுவான ஆளுன்னாங்க.”

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்க,” என்றாள் பெனா.

நான் மூலப்படியை அவளுடைய மடியில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“முப்பத்தொரு வருஷம் அவருக்குக் கோடு போட்டே பழகிட்டேன். அங்கயும் போட்டுட்டேன். அந்த முட்டாள் பையன் அப்படியே அடிச்சுட்டான்.”

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

“ரெண்டு குளிர்காலமா அவருக்கு ஞாபகம் நிக்கல. முதல்ல ஒரு வார்த்தை போச்சு. அப்புறம் ஒரு வரி. இப்ப முழுசும் போச்சு. நான் சொல்லச் சொல்ல, அரை நொடி பின்னாடி அவர் நடிக்கறாரு. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. கூட நடிக்கறவங்களுக்கே தெரியாது. போன மாசம் பேப்பர்ல எழுதியிருந்தான், அவர் மௌனம் இப்ப இன்னும் ஆழமாயிடுச்சாம். அது நான் பக்கம் புரட்டின நேரம் ஐயா.”

நான் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் அமர்ந்தேன்.

“இயக்குநர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா? ‘தோன்செவுக்குப் புத்தி தடுமாறிடுச்சு’ன்னு சாயங்காலமே ஊரெல்லாம் பேசும். அதுதான் நிஜமான சாவு அறிவிப்பு. நான் ஒட்டினது வெறும் தாள். ஒரு நாள் குழப்பம் நடந்தாப் போதும், டிவி வண்டி சோபியாவுக்குத் திரும்பிடும்னு நினைச்சேன். அவர் கண்ணுல படக் கூடாதுன்னு அவர் தெருவுலயும், அவர் அரங்குக்கு வர்ற முன்வாசல் வழியிலயும் ஒட்டல. அந்த ஹாரலாம்பி கையில எடுத்துட்டுப் போய்க் காட்டுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?” அவள் பிரதியை மூடினாள். “என் பேரைச் சொல்லிடுங்க. பரவால்ல. ஆனா அவர் மேடை ஏறக் கூடாது. இந்தப் பலகைக்கு அடியிலேருந்து கத்தினாலும் அவருக்குக் கேக்காது. ஊரே பார்க்க நடு மேடையில நிப்பாரு.”

நான் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் கிடைத்தால் அவர் ஏறுவார் என்பது நிபந்தனை. எட்டு ஆண்டுகளில் ஒரு வழக்கை நான் உரிய நேரத்தில் முடித்தது அதுவே முதன்முறை. அதன் பயனோ, நான் சிறுவயதில் வணங்கிய மனிதரை நாடறியச் சீரழிப்பதாக இருந்தது.

“முதல்ல அவரைப் பார்த்துடலாம் தலைவரே,” என்றாள் பெனா. முதன்முறையாக அவள் கேலி எதுவும் சேர்க்கவில்லை.

ஒப்பனை அறையில் தோன்செவ் படகோட்டியின் ஆட்டுத்தோல் தொப்பியோடும் ஒட்டுத்தாடியோடும் கண்ணாடியின் முன் இருந்தார். மணி ஆறரை.

“ஐயா, அந்தத் தாளை ஒட்டினது...”

அவர் கையை உயர்த்தினார். குதிரைப்படை ஒன்றை நிறுத்திய பழைய கை அது.

“பேரைச் சொல்லாதே தம்பி.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“காலைல ஹாரலாம்பி கொண்டுவந்து கொடுத்தான். வாசிச்சேன். என் மூச்சு எங்க நிக்குமோ அங்கெல்லாம் வரி நின்னுச்சு. என் மூச்சு தெரிஞ்சவ இந்த உலகத்துல ஒருத்திதான்.”

“பின்ன எதுக்குத் துப்பறிவாளன் வேணும்னீங்க?”

“உடம்பு சரியில்லன்னா டாக்டர் வருவான். நாக்கை நீட்டச் சொல்லுவான், நீட்டலாம். இன்னைக்கு என்ன தேதின்னு கேப்பான்.” அவர் கண்ணாடியில் என்னை நோக்கினார். “என்ன தேதி தம்பி?”

“பதினாலு ஐயா.”

“சரி. அவ எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டிருக்கா. பேர் தெரியற வரைக்கும் ஏற மாட்டேன்னேன். தெரியாமலே போயிட்டா ஏறவே வேண்டாமே. யாரைக் கூப்பிடலாம்னு ஹாரலாம்பி கேட்டான். இந்த ஊர்லயே மோசமான துப்பறிவாளன் யாருன்னு மத்தவங்ககிட்ட விசாரிச்சு, உன் பேரைச் சொன்னேன். ஹாரலாம்பி மச்சானோட காரையே மூணு வருஷமா தேடிட்டிருக்கியாமே?”

பெனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

“அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கையை நீங்க கெடுத்துட்டீங்க தலைவரே,” என்றாள் திரும்பி. “இன்னும் நேரமிருக்கு. காப்பாத்திடலாம்.”

“எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்,” என்றார் தோன்செவ். “எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுத்தான் ரெண்டு வருஷமா தைரியமா இருக்கா.”

கதவு திறந்தது. ஹாரலாம்பி சிமோவ் வியர்வையோடு உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் ஹெட்ஃபோன் மாட்டிய தொலைக்காட்சிக்காரர் ஒருவரும் நின்றார்.

“பதினஞ்சு நிமிஷம் இருக்கு! பேர்?”

நான் மூலப்படி இருந்த சட்டைப்பையைக் கையால் மூடினேன்.

“கண்டுபிடிக்க முடியல சார்.”

“முடியலையா?”

“எழுத்தருக்கு முகம் ஞாபகமில்ல. மத்த எல்லா வழியும் அடைஞ்சு போச்சு.”

“இவர் கண்டுபிடிச்சாத்தான் ஆச்சரியம்,” என்றாள் பெனா. “மச்சான் கார் எப்படி சார் இருக்கு?”

“ஊர் முழுக்கச் சொல்றேன்!” என்று இயக்குநர் கத்தினார். “நீ ஒரு தண்டம்னு பேப்பர்ல போட வைக்கிறேன்! அண்ணே... அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

தோன்செவ் எழுந்து நின்றார். அறை அவருக்காகச் சுருங்கியது போல் இருந்தது. ஒற்றைப் புருவம் மேலே சென்றது.

“ஹாரலாம்பி,” என்று தொடங்கினார்.

அங்கேயே நின்றார்.

அது நடிகனின் மௌனம் அன்று. அவருடைய கண்கள் கண்ணாடியிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து தொலைக்காட்சிக்காரரின் முகத்துக்கும் சென்றன. எதனையும் பற்றாமல் திரும்பின. எதை மறுக்க எழுந்து நின்றாரோ, அதனையே அவர் மறந்திருந்தார். எவ்தோக்கியா இரண்டு தளங்களுக்குக் கீழே இருந்தாள். தொலைக்காட்சிக்காரர் தலையைச் சாய்த்து அவரை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

நான் முழங்கால் வலித்தவன் போல் முனகிக்கொண்டு அவருக்குப் பின்னாலிருந்த நாற்காலியைப் பற்றிக் குனிந்தேன். உதடசையாமல் சொன்னேன்:

“பேர் தெரியாத ஒருத்தன்...”

அரை நொடி.

“பேர் தெரியாத ஒருத்தன் என்னைக் கொன்னுட்டான், ஹாரலாம்பி,” என்றார் தோன்செவ். பதினான்கு திரைப்படங்களில் ஒலித்த குரல் அது. “செத்தவன் மேடை ஏற மாட்டான். கலோயனைக் கூப்பிடு. தொப்பி அவனுக்குச் சரியா இருக்கும்.”

தொலைக்காட்சிக்காரரின் கண்கள் கலங்கின. இயக்குநர் வெளியே ஓடினார். தாழ்வாரத்தில் கலோயன் பெத்ரின்ஸ்கியின் பெயர் மும்முறை ஒலித்தது. தோன்செவ் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பின்னர் கண்ணாடியின் முன் அமர்ந்து, தாடியின் ஓரத்தை நகத்தால் பற்றி, மெதுவாக உரிக்கத் தொடங்கினார்.

ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்த அவருடைய நாடக வாழ்க்கை அத்துடன் முடிவுற்றது. அப்போது சுவர்க் கடிகாரத்தில் மாலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.